லேசர் கட்டிங்கில் தண்ணீர்: கேள்வி-பதில்

கேள்வி: ஃபைபர் லேசர், 16 மி.மீ. எம்.எஸ். (சாதா எஃகு) பிளேட், வெட்டும் வாயு ஆக்சிஜன். நெருக்கமாக ஓட்டைகள் போட்டால் கடைசி நாலைந்து ஓட்டைகளின் அடிப்பக்கம் அரித்துப்போகிறது. தண்ணீர் தெளித்தால் சரியாகுமா?

பதில்: ஆகும். ஆக்சிஜனில் வெட்டும்போது ஏறக்குறைய பாதி வெப்பம் இரும்பே எரிந்து தருவது. பிளேட் சூடேறச் சூடேற அந்த எரிதல் நம் பேச்சைக் கேட்காது. வெட்டுமிடத்தைச் சுற்றிப் பனிபோல் நீர் தெளித்தால் அடங்கும். ட்ரம்ப்ஃப் நிறுவனத்தின் கூல்லைன், அமாடா நிறுவனத்தின் வாக்ஸ் எல்லாம் இந்த வேலைக்குத்தான். அதற்குமுன், ஓட்டைகளை வரிசையாகப் போடாமல் அங்கொன்று இங்கொன்றாகப் போட்டுப் பாருங்கள். செலவில்லை.

கேள்வி: லேசர் ஹெட்டில் ஒரு டியூபைக் கட்டிக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டோம். முதல் நாள் அருமை. இப்போது ஹெட் மேலும் கீழும் குதிக்கிறது, கண்ணாடி அடிக்கடி போகிறது. பிரஷரைக் கூட்டலாமா?

பதில்: மூடுங்கள், முதலில். மாதம் ஒருவராவது இதையே எழுதுகிறீர்கள்.

உங்கள் ஹெட் உயரத்தை அளப்பது நாசிலுக்கும் (வாயு வெளிவரும் முனை) பிளேட்டுக்கும் இடையிலுள்ள மின்தேக்குத்திறனை வைத்து. காற்றின் மின்கடத்தாப் பொருள் மாறிலி 1 என்றால் தண்ணீருக்கு 80. நாசில் நுனியில் ஒரு சொட்டு தொங்கினால் போதும், மின்தேக்குத்திறன் கூடிவிடும்; பிளேட் கிட்டத்தில் இருப்பதாக நினைத்து ஹெட் எழும்பும். சொட்டு தெறித்ததும் தடாலென்று இறங்கும். குதிப்பது அதனால்தான்.

அடுத்து, நிறையத் தண்ணீர் என்றால் நிறையக் குளிர்ச்சி என்ற எண்ணம். 1 கிராம் நீரை 20 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுபோக சுமார் 335 ஜூல். அதையே ஆவியாக்க 2,260. வெப்பத்தைத் தின்பது ஆவியாகும் துளி. வழிந்தோடும் தண்ணீர் கசடை (உருகி ஒட்டிய கழிவை) கழுவித் தரையை நனைக்கும், அவ்வளவுதான். அது வெட்டுக்குள் புகுந்தால் நீராவி ஆக்சிஜனோடு கலந்து வெட்டையும் கெடுக்கும்.

போதாததற்குக் குழாயில் வருவது உப்பு நிறைந்த கடின நீர் என்றால் அது வேறு. இப்படி ஒரு ஹெட்டைக் கழற்றியபோது, பாதுகாப்புக் கண்ணாடியின் ஓரத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல் வெள்ளை வளையம். அடுத்த பியர்சிங்கில் (பிளேட்டில் முதல் துளை போடும்போது) கண்ணாடி வெந்து விரிசல் விட்டிருக்கும். உப்பு நீக்கிய நீரைப் பயன்படுத்துங்கள். நினைவிருக்கட்டும்: வாயு நாசிலுக்கு உள்ளே, தண்ணீர் வெளியே.

கேள்வி: நைட்ரஜனில் ஸ்டெயின்லெஸ் வெட்டுகிறோம். தெளிக்கலாமா?

பதில்: பெரிய பலன் இல்லை. அடக்குவதற்கு அங்கே எரிதலே இல்லையே.

கேள்வி: தண்ணீர் தெளித்தும் கசடு ஒட்டுகிறது. ஏன்?

பதில்: உங்கள் கேள்வியில் தடிமன் இல்லை, வாயு இல்லை, வாட் இல்லை, வேகம் இல்லை. ஜோதிடம் எனக்குத் தெரியாது.

கேள்வி: தண்ணீர்த் தாரைக்குள்ளேயே லேசரை அனுப்புகிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மை. சுவிட்சர்லாந்தின் லோசானில் 1990-களில் பெர்னால்ட் ரிச்சர்ஹாகன் உருவாக்கியது. 1997-இல் அவரது சினோவா நிறுவனம் பிறந்தது. தலைமுடி அளவுத் தாரை. ஒளி அதன் சுவரில் முழு அக எதிரொளிப்பாகி, ஃபைபருக்குள் போவதுபோல் இறங்கும். பச்சை ஒளி, 532 நானோமீட்டர், தண்ணீர் அதை அநேகமாகத் தொடாது. லேசர் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியில் விளிம்பு குளிர்ந்துவிடும். வைரம், சிலிக்கான், கடின உலோகக் கருவிகளுக்கு ஏற்றது. உங்கள் 16 மி.மீ. பிளேட்டுக்கு அல்ல. கார்னெட் மணல் கலந்த வாட்டர்ஜெட்டோடு குழப்பாதீர்கள், அதில் லேசரே கிடையாது.

கேள்வி: எங்களிடம் கார்பன் டை ஆக்சைடு லேசர் உண்டு. பிளேட்டைத் தண்ணீருக்கடியில் வைத்து வெட்டலாமா?

பதில்: தண்ணீர் சுடவைக்கலாம். அந்த லேசரின் 10.6 மைக்ரான் ஒளியை மெல்லிய நீர்ப்படலமே விழுங்கிவிடும்.

கேள்வி: மறுநாளே துரு. தெளிக்கும் நீரில் கட்டிங் ஆயில் கலக்கலாமா?

பதில்: ஆக்சிஜனுக்குப் பக்கத்திலா? வேண்டாம், தீப்பிடிக்கும். மெஷின்காரர் சொல்லும் துருத்தடுப்பானை மட்டும், அவர் சொல்லும் அளவில். வெட்டியதும் துடைத்து, காற்றடித்து, நிமிர்த்தி அடுக்குங்கள்.