0.2 மில்லிமீற்றர் பசைப் படலத்தை ஃபைனைட் எலிமென்ட் மாதிரியில் எப்படிப் போடுவது?

இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே 0.2 மில்லிமீற்றர் பசை. அதைச் சாதாரண சொலிட் எலிமென்டாக (கணக்குக்காகப் பொருளைப் பிரிக்கும் சிறு கட்டிகளாக) போட்டால் எண்ணிக்கை இலட்சக்கணக்கில் போகிறது. பசையை விட்டுவிட்டுத் தகடுகளை நேரடியாகப் பிணைத்தால் பிரியவே மாட்டாது. இதற்கு வழி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோஹெசிவ் எலிமென்ட் (ஒட்டு பிரிவதைக் கணக்கிடும் எலிமென்ட்) போடுங்கள், தடிப்பு வாக்கில் ஒரே ஒரு அடுக்கு. ஆனால் அதற்குக் கொடுக்கும் எண்களில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் மட்டக்களப்பில் ஃபைபர் போட்டுகளின் அடித்தட்டுக்குக் கணக்குப் பார்ப்பவன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு ஃபைபர் போட்டுகள் நிறையவே வந்தன. அலையோடு ஏறி மணலில் மோதும் போட்டில், உள்ளே நீளவாக்கில் ஒட்டிய சட்டத்தின் நுனியில்தான் முதலில் பிரிவு தொடங்கும். தகடு முழுசாக இருக்கும், ஒட்டு விட்டிருக்கும். அதனால் இந்த மெல்லிய படலம் எனக்குச் சின்ன விஷயமே இல்லை.

கோஹெசிவ் முறையில் இரண்டு முகங்களும் எவ்வளவு விலகின, அதை எவ்வளவு இழுவை எதிர்த்தது என்று மட்டும் பார்க்கிறோம். இழுவை ஏறி உச்சம் தொட்டு, பிறகு இறங்கிச் சுழியமாகும். அந்த முக்கோணத்தின் பரப்பளவுதான் முறிவுச் சக்தி. டக்டேல் 1960இலும் பாரன்பிளாட் 1962இலும் வெடிப்பின் நுனியை இந்த விதமாக விளக்கினார்கள். ஹில்லர்போர்க்கும் கூட்டாளிகளும் 1976இல் அதைக் கொங்கிறீற்றுக்காக ஃபைனைட் எலிமென்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஆக உங்களுக்கு வேண்டியது விறைப்பு, உச்ச இழுவை, முறிவுச் சக்தி.

விறைப்பில் பலர் இடறுகிறார்கள். பசையின் யங்கின் மட்டு (பொருள் நீட்டத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) 3000 மெகாபஸ்கல் என்றால், அதை 0.2ஆல் பிரித்து வரும் 15,000தான் விறைப்பு (கன மில்லிமீற்றருக்கு நியூட்டன்). இழுவை–விலகல் முறையில் அபாகஸ் மென்பொருள், நீங்கள் வரைந்த 0.2ஐப் பார்க்காது, தடிப்பை 1 என்று தானாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது 3000ஐ அப்படியே கொடுத்தால் பசை ஐந்து மடங்கு மென்மையாகிவிடும். ஒன்று, தடிப்பு 1ஐ அப்படியே இருக்கவிட்டு 15,000 கொடுங்கள். இல்லையென்றால் தடிப்பை 0.2 என்று நீங்களே எழுதி 3000 கொடுங்கள். எலிமென்டின் அடுக்குத் திசை தகட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது புரண்டிருந்தால் பிரிவு இழுவையும் சறுக்கு இழுவையும் இடம் மாறிவிடும்.

அடுத்தது மெஷ், அதாவது எலிமென்டின் அளவு. உச்ச இழுவை 20 மெகாபஸ்கல், முறிவுச் சக்தி மில்லிமீற்றருக்கு 0.5 நியூட்டன், தகட்டின் மட்டு 10,000 மெகாபஸ்கல் என்று வைப்போம். மட்டை முறிவுச் சக்தியால் பெருக்கி, உச்ச இழுவையின் வர்க்கத்தால் பிரித்தால் 12.5 மில்லிமீற்றர் வரும். தடித்த பொருளில் வெடிப்பின் முன்னால் பசை விட்டுக்கொடுக்கும் நீளம் ஏறத்தாழ இவ்வளவு. தகடு 3 மில்லிமீற்றர்தான் என்றால் அது சுருங்கி 4 மில்லிமீற்றர் அளவுக்கு வந்துவிடும். அந்த நீளத்துக்குள் குறைந்தது மூன்று எலிமென்ட் வேண்டும். எனவே 1 மில்லிமீற்றர் மெஷ் நல்லது, 5 மில்லிமீற்றர் மெஷ் வேலைக்காகாது. பெரிய போட்டுக்கு அவ்வளவு நுணுக்கம் கட்டாது என்றால் உச்ச இழுவையைக் குறைக்கலாம், அப்போது அந்த நீளம் கூடும், பெரிய எலிமென்டும் போதும். முறிவுச் சக்தியை மட்டும் தொடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் வெடிப்பு எந்தச் சுமையில் ஓடும் என்பதை அந்தச் சக்திதான் தீர்மானிக்கிறது. வெடிப்பே இல்லாத ஒட்டில் எப்போது தொடங்கும் என்று பார்க்கிறீர்களானால் இந்தக் குறுக்குவழி சரிவராது, அங்கே உச்ச இழுவையும் உண்மையாக இருக்க வேண்டும்.

கணக்கு விடைக்கு ஒருங்காமல் நின்றால் விஸ்கஸ் ரெகுலரைசேஷன் (சேதம் திடீரென்று பாயாமல் மெதுவாக்கும் செயற்கைப் பிசுக்கு) கொஞ்சம் கொடுங்கள். அதில் செலவாகும் சக்தி, சேதத்தில் செலவானதோடு பார்க்கும்போது மிகச் சிறியதாக இருக்க வேண்டும்.

சரி, இந்த எண்களை எங்கே எடுப்பது? பசை டப்பாவோடு வரும் தாளில் முறிவுச் சக்தி பெரும்பாலும் இருக்காது, நீங்களே அளப்பதுதான் நல்லது. போட் கட்டுகிற இடத்தில் அதே ரெசின், அதே ஃபைபர் பாய், அதே கையால் துண்டுகள் செய்வியுங்கள். ஒரு நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டாமல் விட்டு, இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் டிசிபி சோதனை ஒன்று. சறுக்கலுக்கு, அதே மாதிரித் துண்டை மூன்று புள்ளியில் வளைக்கும் ஈஎன்எஃப் சோதனை இன்னொன்று. சறுக்கலின் சக்தி பொதுவாகக் கூடுதலாக வரும். இரண்டும் கலந்த நிலைக்கு, கலப்பின் விகிதத்துக்கு ஏற்ப முறிவுச் சக்தியைத் தரும் பென்செகா–கெனான் விதியைப் பாவியுங்கள்.

துண்டை அறுத்து ஒட்டின் தடிப்பையும் அளந்து பாருங்கள். புட்டி வைத்து ஒட்டியிருந்தால் 3, 4 மில்லிமீற்றர்கூட வரலாம். அப்படியென்றால் அதை மெல்லிய படலம் என்று சொல்ல முடியாது, பசையின் சொந்த மட்டுகளோடு உண்மைத் தடிப்பிலேயே வரையுங்கள்.

துண்டுகளில் பாதியை வாவித் தண்ணீரில் சில கிழமை ஊறவிட்டுச் சோதியுங்கள், ஏனென்றால் போட் கிடப்பது அந்தத் தண்ணீரில். பிறகு சோதனைத் துண்டையே முதலில் மாதிரியாகப் போட்டு ஓட்டுங்கள். அதன் விசை–விலகல் வளைகோடு அளந்த கோட்டோடு ஒத்துவந்த பிறகு, அதே எண்களைப் போட்டின் சட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.