சாவோடு முடியாத கல்யாணம்

அன்புள்ள அக்காவுக்கு,

அரிசோனாவில் மேசா நகரத்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் மார்மன் (இங்கே அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபை) குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். இருபத்தோரு வயதில் அவர்கள் கோயிலில் கல்யாணம், மூன்று பிள்ளைகள். போன வருடம் அவளுக்கு மதத்தில் நம்பிக்கை போய்விட்டது. துணிக்கூடையில் அவர்கள் கோயில் உள்ளாடைக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய சாதாரண உள்ளாடையைப் பார்த்துத்தான் கணவனுக்கு விஷயமே தெரிந்ததாம். ஒருநாள் என்னிடம் காபி கேட்டாள். அவர்களுக்குக் காபி ஆகாது என்று தெரிந்தும் போட்டுக் கொடுத்தேன். டம்ளரைப் பிடித்தபடி வெகுநேரம் குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். இப்போது கணவன் விவாகரத்து பற்றிப் பேசுகிறான். குடி, அடிதடி எதுவும் கிடையாது, நல்ல மனிதன்தான். "சாகும்வரை மட்டும் சேர்ந்து வாழவா உன்னைக் கட்டிக்கொண்டேன்?" என்று அழுதானாம். நம் வீடுகளில் மனைவி விரதம் இருப்பாள், கணவன் கோயில் பக்கமே போகமாட்டான். அதற்காக யாரும் கோர்ட் படி ஏறுவதில்லை. இவள் ஞாயிற்றுக்கிழமை பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால்தான் என்ன? நான் காபி கொடுத்ததும் தப்போ?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தோழிக்கு,

காபியில் ஒரு தப்பும் இல்லை. அவள் கேட்டாள், நீங்கள் கொடுத்தீர்கள். ஆனால் "பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் என்ன" என்பதை அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சபையில் பேசாமல் உட்கார இடமில்லை.

ஞாயிறு ஆராதனைக்கு யாரும் போகலாம். கோயில் வேறு. அதற்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிஷப் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்: விசுவாசம் இருக்கிறதா, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறாயா, டீ, காபி, மது, புகையிலை தொடாமல் இருக்கிறாயா, கோயிலில் பெற்ற உள்ளாடையை உடுத்துகிறாயா. இந்த பிஷப் சம்பளம் வாங்கும் பாதிரியார் அல்ல. அதே பகுதியில் குடியிருக்கும் பல் டாக்டராகவோ கணக்காளராகவோ இருப்பார். அவர் பிள்ளையும் இவள் பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கலாம். சீட்டு இல்லாவிட்டால் பெற்ற மகளின் கோயில் கல்யாணத்தைக்கூட உள்ளே போய்ப் பார்க்க முடியாது, வெளியே காத்திருக்க வேண்டியதுதான். இவற்றுக்கெல்லாம் "ஆமாம்" என்று வாய்கூசாமல் பொய் சொன்னால் அவள் நிம்மதியாக இருக்கலாம். அதைத்தான் அவள் மறுக்கிறாள்.

கணவன் அழுததையும் நான் நடிப்பு என்று நினைக்கவில்லை. நாம் ஏழேழு ஜென்மத்துக்கும் என்று வாழ்த்துவோம், யாரும் கணக்கு வைப்பதில்லை. அங்கே அது சபையின் பதிவேட்டில் ஏறுகிறது. கோயிலில் நடக்கும் சடங்கு கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் மரணத்துக்குப் பிறகும் சேர்த்துக் கட்டுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. மேலான சொர்க்கத்தில் மிக உயர்ந்த படிக்குத் தனியாக யாரும் போக முடியாது. மனைவி விலகினால் தன் மோட்சமும் போயிற்று என்றே அவனுக்குத் தோன்றும். சிறுவயதிலிருந்து அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கட்டு இருவருக்கும் சமமாகப் போடப்பட்டதல்ல. இதில்தான் எனக்குக் கோபம். விவாகரத்துக்குப் பிறகு வேறொருவனோடு கோயில் சடங்கு செய்துகொள்ள ஒரு பெண் விரும்பினால், பழைய கட்டை ரத்து செய்யச் சபையின் தலைமையிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆணுக்கு ரத்து தேவையில்லை, அனுமதி கிடைத்தால் போதும். சபையின் உயர்தலைவர்களில் ஒருவரான டாலின் ஓக்ஸ் முதல் மனைவியை 1998-இல் இழந்தார், 2000-இல் இன்னொருவரைக் கோயிலில் மணந்தார். அவர்கள் நம்பிக்கைப்படி மறுமையில் இருவருமே அவர் மனைவியர். கோயில் சடங்கில் கணவன் சொல்லுக்குச் செவிசாய்ப்பேன் என்று பெண் கொடுத்துவந்த வாக்குறுதி 2019 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அதற்கு முன் கோயில் சடங்கு செய்தவளாக இருந்தால், அந்த வாக்கைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பாள்.

ஆன் எலைசா யங் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. 1844-இல் மார்மன் குடும்பத்தில் பிறந்தவர். முதல் கணவனிடமிருந்து விவாகரத்து பெற்று, இரண்டு மகன்களோடு இருந்தவரை 1868-இல் சபையின் தலைவர் பிரிகம் யங்கே மணந்தார். அவருக்கு வயது 66, இவருக்கு 23. அப்போது அந்தச் சபையில் பலதார மணம் உண்டு. தன்னைப் பத்தொன்பதாவது மனைவி என்று ஆன் எலைசா எழுதினார். உண்மையில் யங் மணந்த பெண்கள் ஐம்பதுக்கும் மேல். யங்கின் பண்ணை வீட்டில் வேலையாட்களுக்குச் சமைத்து, வெண்ணெய் எடுத்துச் சில வருடங்கள். பிறகு சபையின் தலைமையிடமான சால்ட் லேக் சிட்டியில் ஒரு வீடு, அதில் ஆட்களைத் தங்கவைத்துச் சம்பாத்தியம். 1873 ஜூலையில் வீட்டுச் சாமான்களை ஏலத்துக்கு அனுப்பிவிட்டு ஓட்டலுக்குக் குடிபோனார், விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டார். நவம்பரில் ஒரு இரவு ஊரைவிட்டுக் கிளம்பியவர், சால்ட் லேக்கில் ரயில் ஏறப் பயந்து, குதிரை வண்டியில் வேறொரு நிலையத்துக்குப் போய் ஏறினார். பிறகு ஊர் ஊராக மேடையேறித் தன் கதையைச் சொன்னார்.

வழக்கில் யங் என்ன பதில் சொன்னார் தெரியுமா? 1834-இல் மணந்த மேரி ஆன் ஏஞ்சல்தான் தன் சட்டப்படியான மனைவி, ஆகவே ஆன் எலைசா தனக்கு மனைவியே அல்ல என்றார். பலதார மணம் கடவுளின் கட்டளை என்று வருடக்கணக்கில் பிரசங்கம் செய்தவர் பேசிய பேச்சு இது. 1875-இல் நீதிபதி மாதம் 500 டாலர் ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்னார். கொடுக்க மறுத்ததற்காக யங் ஒருநாள் சிறையில் இருந்தார். கடைசியில் 1877-இல், பலதார மணம் சட்டப்படி செல்லாது, செல்லாத கல்யாணத்துக்கு ஜீவனாம்சமும் கிடையாது என்று வழக்கு முடிந்தது. பண்ணையில் வெண்ணெய் எடுத்தபோது அவர் மனைவி. பணம் கேட்டபோது மனைவி இல்லை.

சபை 1890-இல் பலதார மணத்தைக் கைவிட்டதாக அறிவித்தது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரனை யங்கோடு ஒப்பிட நான் வரவில்லை. அவள் சட்டப்படி மனைவி, அவளுக்கு உரிமைகள் இருக்கின்றன. கோர்ட் பேச்சு மறுபடி வந்தால், சபைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வக்கீலை முதலில் அவள் பார்க்கட்டும். பிஷப் சமாதானம் பேச வருவார், நல்ல எண்ணத்தோடுதான் வருவார். ஆனால் அவர் இந்த விஷயத்தில் நடுநிலையானவர் அல்ல.

விவாகரத்தில்தான் முடிய வேண்டும் என்றும் இல்லை. ஒருவர் நம்பியும் ஒருவர் நம்பாமலும் சேர்ந்து வாழும் மார்மன் தம்பதிகள் உண்டு. கணவனையும் சேர்த்துச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவனோடு பேசும் வெளியாள் ஒருவராவது இருப்பது இருவருக்குமே நல்லது. பெரும் சண்டை பிள்ளைகள் விஷயத்தில்தான் வரும். அங்கே எட்டு வயதில் ஞானஸ்நானம், பெரும்பாலும் தகப்பனே கொடுப்பான். கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. எட்டு ஆகவில்லை என்றால், அந்தப் பேச்சை இருவரும் இப்போதே உட்கார்ந்து பேசிவிடச் சொல்லுங்கள். பிறந்தநாளுக்கு முந்தின வாரம் பேசினால் அது பேச்சாக இருக்காது.