திங்கட்கிழமை முதல்

அன்புள்ள ஐயா,

எனக்கு 42 வயது. இந்தப் பதினைந்து வருடத்தில் நான் இருந்து பார்க்காத டயட் இல்லை. மாவுச்சத்தை விட்டேன், கொழுப்பை விட்டேன், இரவுச் சாப்பாட்டை விட்டேன். ஒவ்வொரு முறையும் 8 கிலோ குறையும், அடுத்த வருடத்துக்குள் 10 கிலோ ஏறும். போன வாரம் அலுவலகத்தில் ஒரு பிறந்தநாள். ஒரு துண்டு கேக் சாப்பிட்டேன். ‘போச்சு, இன்றைக்கு எல்லாம் கெட்டது’ என்று தோன்றியது. அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்றுகொண்டே ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்று முடித்தேன். ருசிகூடத் தெரியவில்லை. மறுபடியும் திங்கட்கிழமையிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு மன உறுதியே கிடையாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விளக்கைப் போடாமல் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்த இருட்டுச் சமையலறை எனக்கும் பழக்கம். சத்தம் வராமல் இருக்க பாக்கெட்டின் ஒட்டை நகத்தால் நெம்பி நெம்பித் திறப்பது, காலி உறையைக் குப்பைக் கூடையில் மேலாகப் போடாமல் காய்கறித் தோலுக்கு அடியில் செருகுவது, எல்லாம் செய்திருக்கிறேன். இவ்வளவு பொறுமையாகக் காரியம் செய்கிறவர்களிடம் மன உறுதி இல்லை என்று யார் சொன்னது? பதினைந்து வருடம் வாயைக் கட்டி, பசியோடு படுக்கப் போயிருக்கிறீர்கள். உறுதி வேண்டிய மட்டும் இருக்கிறது. அது மோதிக்கொண்டிருப்பது உங்கள் உடம்போடு.

1945-இல், இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் தூக்க மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து அதில் சேர்ந்தார்கள். நல்ல திடகாத்திரமானவர்கள். 24 வாரம் அவர்களுக்குச் சாப்பாடு ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டது, நாளுக்குச் சுமார் 1,600 கலோரி. (உங்கள் பழைய டயட் அட்டவணைகளை எடுத்துப் பாருங்கள். இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும்.) உடல் எடையில் கால் பங்கு போயிற்று. ஆனால் என்னை உலுக்கியது எடை அல்ல. சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், கனவும் அதுவே. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது சும்மா இல்லை. சோதனை முடிந்த பிறகு சிலர் வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்காமல் தவித்தார்கள். போருக்கே ‘முடியாது’ என்று சொல்லத் துணிந்தவர்கள் அவர்கள். மன உறுதிக் கணக்கை அங்கேயே முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பட்டினிக்கும் டயட்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத்தான் தெரியும், உடம்புக்குத் தெரியாது. 2011-இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 10 வாரக் கடும் டயட்டில் எடை குறைத்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஹார்மோன் மாற்றங்கள் ஒரு வருடம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நீங்கள் டயட்டை முடித்துவிட்டாலும் உடம்பு முடிக்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் அந்தக் கேக். 1975-இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவிகளுக்கு மில்க் ஷேக் குடிக்கக் கொடுத்துவிட்டு, அடுத்து ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். டயட் நினைப்பில்லாதவர்கள், மில்க் ஷேக் உள்ளே போயிருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுகிறவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அதிகம் சாப்பிட்டார்கள். இந்த மனநிலைக்குப் பின்னாளில் ஆய்வாளர்கள் வைத்த பெயரைத் தமிழாக்கினால் ‘போனது போச்சு’ என்று வரும். உங்கள் கடிதத்திலும் அதே ‘போச்சு’ இருக்கிறது. அந்த பாக்கெட்டைக் காலி செய்ய வைத்தது ஒரு துண்டு கேக் இல்லை, திங்கட்கிழமை. நாளை முதல் கிடையாது என்றால் இன்றைக்கே எல்லாவற்றையும் முடித்துவிடத்தானே தோன்றும்?

சரி, என்ன செய்யலாம்? நான் செய்ததைச் சொல்கிறேன். இருட்டில் தின்ற மறுநாள் காலை, வழக்கமான நேரத்துக்கு வழக்கம்போலச் சாப்பிட்டேன். இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ‘நேற்றுத் தின்றதற்கு இன்று பட்டினி’ என்று மனம் தண்டனை எழுதிக்கொண்டே இருக்கும். காலையில் விட்ட சாப்பாடு இரவு பதினொரு மணிக்கு வட்டியோடு திரும்பி வரும். வேளாவேளைக்குச் சாப்பாடு நிச்சயம் என்று உடம்பு நம்புவதற்கே எனக்குச் சில மாதங்கள் ஆயின.

பிறகு, எந்த பிஸ்கட்டை ஒளிந்து தின்றேனோ அதையே பகலில், தட்டில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டார் எதிரிலேயே சாப்பிட்டேன். முதல் நாள் கை நடுங்காத குறை. நாலாவது பிஸ்கட்டில் ஒரு விஷயம் தெரிந்தது: அது அப்படியொன்றும் ருசியாக இல்லை, தித்திப்பு தொண்டையில் ஒட்டுகிறது. எடை பார்க்கும் இயந்திரம் இப்போது பரணில் கிடக்கிறது. ‘பசித்தால் சாப்பிடு, போதுமென்றால் நிறுத்து’ என்பதையும் ஒரு விதியாக்கித் தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். அதுவும் வேறு சட்டை போட்ட டயட்தான்.

இதனால் எடை குறையுமா என்றால், குறையலாம், குறையாமலும் போகலாம். எனக்குப் பெரிதாகக் குறையவில்லை. சர்க்கரைக்கோ சிறுநீரகத்துக்கோ மருத்துவர் சொன்ன பத்தியம் இருந்தால் அது வேறு கதை, அதை விடாதீர்கள். இப்படிப்பட்ட இரவுகள் வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது, அல்லது தின்றதை வாந்தி எடுக்கத் தோன்றுகிறது என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். கட்டுப்பாடின்றி உண்ணுதலை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்தது. சிகிச்சை இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தக் கேக் எப்படி இருந்தது என்று எங்குமே எழுதவில்லை நீங்கள். அலுவலகத்தில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு? சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.