நொத்தாரிசு இல்லாமல் இரண்டு சாட்சியோடு மரணசாசனம்

செல்லாது. உங்கள் அப்பா சாவகச்சேரிக் காணியைத் தங்கச்சிக்கு எழுதிவைத்த மரணசாசனத்தில் (உயிலில்) நொத்தாரிசு இல்லை, இரண்டு சாட்சிகள்தான் என்றால், நீதிமன்றம் ஏற்காது. இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடைச் சட்டப்படி, நொத்தாரிசு (உறுதிகளை அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் பெற்றவர்) முன்னிலையில் இரண்டு சாட்சி வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சி, ஐவரும் ஒரே நேரத்தில் அருகிலிருக்க வேண்டும்.

அநேகமாக இந்திய மாதிரிப் படிவத்தைப் பார்த்து எழுதியிருப்பார். அங்கே இரண்டு சாட்சி போதும், இங்கே போதாது.

முதலில் தாளின் பின்பக்கத்தையும் பாருங்கள், சில வேளை மிச்சக் கையொப்பங்கள் அங்கே இருக்கும். நொத்தாரிசின் அத்தாட்சி வேறு தாளாகத் தைக்கப்பட்டிருந்ததா, ஊசித்துளை தெரிகிறதா என்றும் பாருங்கள். பிறகு காணி உறுதியை (பத்திரத்தை) எடுங்கள். கலியாணத்துக்குப் பிறகு காசு கொடுத்து வாங்கியதென்றால் தேடிய தேட்டம். பெற்றோர் வழி வந்தால் முதுசம். சாசனம் செல்லாவிட்டால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்கு இதை வைத்துத்தான் பிரியும். தேடிய தேட்டமென்றால் அம்மாவுக்குப் பாதி உண்டு, அதை மறந்துவிடாதீர்கள்.

ஒன்று கவனம்: செல்லாதென்று நினைத்துத் தாளைக் கிழிக்க வேண்டாம். மூலப்பிரதியை உரிய மாவட்ட நீதிமன்றில் ஒப்படைப்பது பற்றிச் சட்டத்தரணியிடம் உடனே பேசுங்கள். அப்பா தேசவழமைக்கு உட்பட்டவரா என்பதையும் சட்டத்தரணியே உறுதிப்படுத்தட்டும். இல்லையென்றால் பங்குக் கணக்கே மாறும்.