கோத்தகிரி வீட்டை விற்று கோட்டூர்புரத்தில் குடியேறலாமா?

கேள்வி: எனக்கு 66 வயது, மனைவிக்கு 62. கோத்தகிரியில் 1998-ல் கட்டிய வீட்டை இப்போது 1.40 கோடிக்குக் கேட்கிறார்கள். வாடகைக்கு விட்டால் மாதம் 15,000 வரும். ஓய்வூதியம் 52,000 ரூபாய், வங்கியில் 50 லட்சம். ரோட்டிலிருந்து வீட்டுக்கு நாற்பது படி இறங்கி ஏற மூட்டுவலி விடவில்லை. சென்னை கோட்டூர்புரத்தில் மகள் வீட்டுத் தெருவிலேயே ஒரு பழைய கட்டடத்தில், இரண்டாம் மாடி ஃப்ளாட் 1.85 கோடிக்கு வருகிறது. வாடகை என்றால் 45,000. மரங்கள் அடர்ந்த, சத்தமில்லாத தெரு. வாங்கிவிடலாமா?

பதில்: ஐயா, சென்னைக்குத் தாராளமாகப் போங்கள். இந்த வயதில் மகள் கூப்பிடு தூரத்தில் இருப்பது பெரிய பலம். ஆனால் வாங்க வேண்டாம், வாடகைக்குப் போங்கள்.

பழைய ஃப்ளாட்டுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 1.85 கோடிக்கு அதுவே 16.65 லட்சம். ஆக மொத்தம் 2 கோடியைத் தாண்டுகிறது. மலை வீட்டை விற்று, வங்கிப் பணம் மொத்தத்தையும் துடைத்துப் போட்டாலும் 11 லட்சத்துக்கு மேல் துண்டு விழும். மருத்துவச் செலவுக்குக் கையில் ஒரு ரூபாய் இல்லாமல் பெரிய இடத்தில் குடியிருப்பதை நினைத்தாலே எனக்குப் பதைக்கிறது.

வாடகைக் கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 5.40 லட்சம், அதாவது ஃப்ளாட் விலையில் 3 சதவீதம்கூட இல்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வட்டி 8.2 சதவீதம், ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். உங்கள் பெயரில் 30, அம்மா பெயரில் 15 போட்டால் மாதக் கணக்கில் 30,750 ரூபாய் ஆகிறது (வட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வரும்). கோத்தகிரி வாடகை 15,000-ஐச் சேர்த்தால் சென்னை வாடகை அடைந்துவிடும். ஓய்வூதியம் அப்படியே மிஞ்சும், அவசரத்துக்கு 5 லட்சம் தனியாக இருக்கும். அதிலிருந்துதான் வீட்டுக்கான அட்வான்ஸையும் கொடுக்க வேண்டியிருக்கும். சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, சென்னையில் அதற்கு மேலும் கேட்பார்கள், பேசிக் குறையுங்கள். வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது, வாடகை ஏறும். அந்த வித்தியாசத்தை ஓய்வூதியம் தாங்கும்.

அப்புறம், அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. பழைய கட்டடங்கள் பலவற்றில் கிடையாது. படிக்குப் பயந்து மலையிறங்கி, மறுபடி இரண்டு மாடி ஏறவா? சரி, தரைத்தளம் பார்க்கலாம் என்றால் பக்கத்திலேயே அடையாறு ஆறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்தில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தத் தெருவில் எதுவரை ஏறியது என்று பழைய குடித்தனக்காரர்களிடம் கேளுங்கள். தண்ணீர் லாரி, ஜெனரேட்டர், மாதப் பராமரிப்புத் தொகை எல்லாவற்றையும் அவர்களிடமே விசாரித்துவிடலாம்.

பதினொரு மாத ஒப்பந்தம் போதும். ஒரு மே மாத வெயிலையும் ஒரு ஐப்பசி கார்த்திகை மழையையும் அங்கே பாருங்கள். கோத்தகிரிக் குளிரில் வாழ்ந்த உடம்பு சென்னைப் புழுக்கத்தை ஏற்காவிட்டால் திரும்ப ஒரு வீடு வேண்டும். மலையில் புதிதாகக் கட்ட அனுமதி வாங்குவது சமவெளியைப் போல எளிதல்ல.

அதன் பிறகும் விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், 2001 ஏப்ரல் 1 நிலவரப்படி வீட்டின் மதிப்பை அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள். லாபத்துக்கான வரி அதை வைத்துத்தான் கணக்காகும். விற்ற இரண்டு வருடத்துக்குள் அந்த லாபத்தில் வேறு வீடு வாங்கினால் வரி விலக்கும் உண்டு.