சிரிப்பு வராததற்குக் காரணம் ஜோக்கா, மண்டபமா?

கேள்வி: சேலத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு பார்க்கிறேன். வயது 26. ஐந்து ரோடு பக்கம் ஒரு காபிக் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்து பழகினேன். 30 பேர் வருவார்கள், நன்றாகச் சிரிப்பார்கள். அந்தத் தைரியத்தில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து 40 நிமிட நிகழ்ச்சி வைத்தேன். 90 பேர் வந்தார்கள். அதே ஜோக்குகள்தான். முன்னால் லேசாகச் சிரித்தார்கள், பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஏற்பாடு செய்து தந்த அண்ணன், “உனக்கு மண்டபம் செட் ஆகாது. ஏற்காட்டில் ரிசார்ட் புல்வெளியில் சனிக்கிழமை இரவு வைப்போம். கமிஷனர் ஆபீஸ் பர்மிஷன், மைக் செட், ஆடியன்ஸ் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்” என்கிறார். என் ஜோக் சரியில்லையா, இடம் சரியில்லையா? ஏற்காடு போகலாமா?

பதில் (மேடை ஒலியமைப்பு ஆலோசகர்): தம்பி, முதலில் பணம். கொடுக்காதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

மாடியில் சிரிப்பு வாங்கிய ஜோக் மண்டபத்தில் படுத்துவிட்டது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கூரையைத்தான். நம் மண்டபங்கள் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கட்டியவை. தரை கிரானைட், சுவரில் பாதி டைல்ஸ், கூரை எங்கேயோ மேலே. சத்தத்தை உள்வாங்கத் துணியோ கம்பளமோ கிடையாது. அதனால் ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறி உட்காரும். மேளத்துக்கு அது அழகு, பேச்சுக்கு விஷம். ஹால் நூறு அடி நீளம் என்று வையுங்கள். நீங்கள் சொன்னது பின்சுவரில் மோதி உங்கள் காதுக்குத் திரும்ப 0.18 விநாடி ஆகும். 0.1 விநாடி தாண்டினாலே அது தனி எதிரொலியாகக் கேட்கும். உங்கள் குரலே உங்களைத் துரத்தும்போது, உங்களை அறியாமல் வேகம் மாறிவிடும்.

ஜோக் நிற்பதே கடைசிச் சொல்லில். அந்த ஒரு சொல் குழம்பினால் போதும், பின்வரிசைக்காரர் பக்கத்து ஆளிடம் “என்ன சொன்னாரு?” என்று கேட்பார். அவர் விளக்கி முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த ஜோக்கின் பாதியில் இருப்பீர்கள். வெளியே வந்ததும் இருவரும் “பையன் சுமார்தான்” என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். காது கேட்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. கேட்காததையெல்லாம் சிரிப்பு வரவில்லை என்ற கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

இதற்கு மேல் நம் மைக்செட்காரர்கள். மிக்ஸரில் எக்கோ என்று ஒரு திருகி இருக்கும். மேடைப் பாட்டுக்காரருக்கு வைத்த இடத்திலேயே அதை உங்களுக்கும் விட்டுவிடுவார்கள். ஏற்கெனவே எதிரொலிக்கிற ஹாலில் செயற்கையாக இன்னொரு எதிரொலி. “சார், குரல் கம்பீரமா இருக்கும்” என்பார். கம்பீரம் வேண்டாம், எக்கோவைச் சுத்தமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று பிடிவாதமாகச் சொல்லுங்கள். காலர் மைக்கும் வேண்டாம். கையில் பிடிக்கும் ஒயர் மைக் போதும்.

அடுத்தது நாற்காலி. மண்டபத்தில் 400, 500 போட்டிருப்பார்கள். 90 பேர் அதில் சிதறி உட்கார்ந்தால் ஒவ்வொருவரும் தனியாள்தான், தனியாகச் சிரிக்க நம்மில் யாருக்கும் கூச்சம். போதாததற்கு எல்லா டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருக்கும். அப்பா பக்கத்தில் மகள், மருமகன் பக்கத்தில் மாமியார். ஜோக் விழுந்ததும் முதலில் பக்கத்து முகத்தைப் பார்த்து, சிரிக்கலாமா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் சிரிப்பார்கள். அதற்குள் நேரம் போய்விடும். மேடைக்கு மட்டும் விளக்கு வைத்து, பார்ப்பவர்களை இருட்டில் உட்காரவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். காபிக் கடை மாடியில் நடந்தது இதுதான். கூரை தாழ்வு, ஆட்கள் நெருக்கம், வெளிச்சம் குறைவு.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர் ஆட்கள் பட்டிமன்றத்திலும், 2005-ல் ஆரம்பித்த ‘கலக்கப்போவது யாரு’வின் மிமிக்ரியிலும் சிரித்துப் பழகியவர்கள். பட்டிமன்றத்தில் நடுவர் சிரித்தால் சபையும் சிரிக்கலாம் என்று அர்த்தம். உங்களுக்கு நடுவர் இல்லை. தனியாக ஒருவர் நின்று தன் வீட்டுக் கதை சொன்னால், “சரி, எப்போ குரல் மாத்திப் பேசுவான்?” என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அதிலும் இலவச பாஸில் வந்தவர் பரிசோதகர் மாதிரி உட்காருவார். 100 ரூபாய் கொடுத்து வந்தவரோ அந்த நூறுக்குச் சிரித்துவிட்டுப் போகவே பார்ப்பார். ஆகவே டிக்கெட் போடுங்கள். சும்மா வருகிற சொந்தக்காரர்களைக் குறையுங்கள்.

இப்போது ஏற்காடு. திறந்தவெளியில் ஸ்டாண்ட்-அப் வேண்டாம், அவ்வளவுதான். மண்டபத்தில் சத்தம் அதிகமாகத் திரும்பியது, புல்வெளியில் திரும்பவே திரும்பாது. உங்கள் குரலை ஸ்பீக்கர் தூக்கிக்கொண்டு போய்விடும், சிரிப்புக்கு ஸ்பீக்கர் கிடையாது. இருபது பேர் விழுந்து விழுந்து சிரித்தாலும் மற்றவர்களுக்கு எட்டாமல் பனியில் போய்விடும். தவிர, சனிக்கிழமை ரிசார்ட்டில் இருப்பவர்கள் கேம்ப்ஃபயருக்கும் கோழிக்கும் வந்தவர்கள். பாதிப்பேர் பெங்களூர்க்காரர்கள், தமிழ் தெரியாதவர்களும் இருப்பார்கள். உங்களுக்காக வருகிற சேலத்துக்காரர்களோ இரவில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வீடு திரும்ப வேண்டும். எட்டரை மணிக்கே கடிகாரம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த அண்ணன் சொன்ன “கமிஷனர் ஆபீஸ் பர்மிஷன்” என்பதை மட்டும் கவனியுங்கள். சேலம் மாநகர கமிஷனரின் எல்லையில் ஏற்காடு இல்லை. அது மாவட்ட எஸ்.பி.க்குக் கீழே வருகிற காவல் நிலையம். எல்லையே தெரியாதவர் எந்த அனுமதியை வாங்கித் தருவார்? பெரும்பாலும் வாங்கவே மாட்டார்கள். நடுவில் போலீஸ் வந்து மைக்கை நிறுத்தினால் அவமானம் உங்களுக்கு, முன்பணம் அவருக்கு. “ஆடியன்ஸும் நாங்களே” என்றால் இலவச பாஸில் கல்லூரிப் பிள்ளைகளைப் பஸ் ஏற்றிக் கொண்டுவருவது. அவர்கள் சிரிப்பதை வைத்து உங்கள் ஜோக்கை எடை போட முடியாது. பில்லில் “மியூசிக் லைசென்ஸ்” என்று ஒரு வரியும் இருக்கும். சினிமாப் பாட்டு எதையும் போடாமல் மேடை ஏறுங்கள், அந்தச் செலவே வராது.

இரவு 10 மணிக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தரகர்கள் விளையாடுவது இங்கேதான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. அரங்கம், சமுதாயக் கூடம், விருந்து ஹால் போன்ற மூடிய இடத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்காக வைத்தால் விலக்கு உண்டு. ஷாமியானா போட்டு மூன்று பக்கம் துணி கட்டிவிட்டு “இதுவும் குளோஸ்டு ஹால்தான்” என்பார்கள். நம்பாதீர்கள். உண்மையான ஹாலுக்குள்ளேயே வைத்தாலும், தனியார் இடம் என்றால் அதன் எல்லையில் சத்தம் அந்தப் பகுதிக்கான அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அந்த அளவு 45 தான். இன்னொரு விலக்கும் இருக்கிறது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு அனுமதிக்கலாம். “அந்த 15 நாள்ல ஒரு நாள் நமக்கு வாங்கிட்டேன்” என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த நாட்களை அரசு முன்கூட்டியே அறிவிக்கும், தனியாளுக்கு அறுத்து விற்காது. உங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஆறரைக்கு ஆரம்பித்து எட்டு மணிக்கு முடியுங்கள்.

மைக் அனுமதிக்கு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அலையவைப்பதால்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள். அதைச் சரி செய்ய யாருக்கும் மனமில்லை. 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோ தொடங்கி, ஏற்காடு சாலையில் நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஊர் இது. ஆனால் இன்று நூறு பேர் உட்காரும் இருட்டறையை மணிக்கணக்கு வாடகைக்குத் தேடினால் கல்யாண மண்டபக்காரர்தான் கதவைத் திறக்கிறார்.

சரி, அவரிடமே போங்கள். ஆனால் பெரிய ஹாலைக் கேட்காதீர்கள். பல மண்டபங்களில் நிச்சயதார்த்தத்துக்கென்று ஒரு ஏசி மினி ஹால் இருக்கும். ஃபால்ஸ் சீலிங், கீழே கம்பளம், நூறு பேர். அதுதான் உங்கள் இடம். 90 டிக்கெட் என்றால் 80 நாற்காலி போட்டு மீதியை வெளியே அடுக்குங்கள், வர வர எடுத்துப் போடலாம். முதல் வரிசை சோபாவை எடுத்துவிடுங்கள். விஐபி சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சிரிக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் தடித்த திரைத்துணி தொங்கவிடுங்கள். இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே.

முகூர்த்தம் இல்லாத மாதத்தில் வாடகை பேரம் படியும். ஆடியில் வேண்டாம், கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் தெருவெல்லாம் ஒலிபெருக்கிதான். மார்கழி பாருங்கள். முன்பணத்தை மேனேஜரிடம் நேரடியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கரண்ட், ஜெனரேட்டர், சுத்தம் செய்யும் கூலி மூன்றும் வாடகைக்குள் அடக்கமா என்று அந்த ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். அனுமதி மனுவை நீங்களே அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

அன்றைக்குக் கடைசி வரிசை நாற்காலி ஒன்றில் ஒரு போனைப் பதிவில் போட்டுவிட்டு மேடை ஏறுங்கள். அங்கே ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டும் சிரிப்பு இல்லாத ஜோக் எதுவோ, அதை மட்டும் திருத்துங்கள்.