கிட்டார் வாசித்து வந்த மணிக்கட்டு வலிக்கு ஆஸ்டியோபதி உதவுமா?

இடது கட்டைவிரலின் அடியில் வலி, ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டு பிடித்தால் கூடுகிறது, கையால் அழுத்தி இளக்கும் ஆஸ்டியோபதி சிகிச்சைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வலியோடு ஏழு மாதம் அல்லாடியவள் நான்.

சென்னையில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். டிரினிட்டி காலேஜின் எட்டாம் கிரேடு இசைப் பரீட்சை நெருங்கியபோது, ஒரு மணி நேரப் பயிற்சியை ஒரே வாரத்தில் நான்கு மணி நேரமாக்கினேன். பத்தாம் நாள் வலி ஆரம்பித்தது. தைலம் தேய்த்தேன், க்ரேப் பேண்டேஜ் சுற்றினேன். சுளுக்கு என்று சொல்லி பாட்டி விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட்டார். வாசிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. மூன்று மாதம் கழித்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் போன அன்றுதான் டாக்டரிடம் போனேன்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார். உயிர் போனது. டி குவெர்வைன் என்றார். கட்டைவிரலுக்குப் போகும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஓர் இறுக்கமான உறைக்குள் ஓடுகின்றன. ஓயாமல் உரசினால் அந்த உறை தடித்து, தசைநாண் நகரவே இடமில்லாமல் போகிறது. கட்டைவிரலோடு சேர்த்து மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் போட்டு ஆறு வாரம் ஓய்வு, அப்புறம் பிசியோதெரபி.

வலி பாதி குறைந்து அப்படியே நின்றது. அந்தச் சமயத்தில் லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காதான் தன் முதுகுவலிக்குப் பார்க்கும் ஆஸ்டியோபத்திடம் அழைத்துப்போனாள். அதுவரை ஆஸ்டியோபதி என்றால் ஆர்த்தோவைத்தான் வேறு மாதிரி சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த கிட்டார்காரர்களில் பாதிப் பேர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆர்த்தோ என்பது எலும்பு, மூட்டு பார்க்கும் டாக்டர். ஆஸ்டியோபதி என்பது 1874-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய, கையாலேயே தசையையும் மூட்டையும் இளக்கும் முறை. பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் தன்னை ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்ள முடியும்.

அவர் முதலில் என் கையைத் தொடவே இல்லை. ஒரு கிட்டாரைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஃப்ரெட்போர்டைப் பார்க்கக் கழுத்தை வளைக்கிறேன், இடது தோள் காது வரை ஏறுகிறது, கட்டைவிரல் கிட்டாரின் நீண்ட கைப்பிடியான நெக்கைப் பின்னாலிருந்து நசுக்குகிறது. பதினாலு வருடத்தில் யாரும் சொல்லாதது! விரலை மடக்கும் பெரிய தசைகள் இருப்பது முன்கையில் என்பதும் அன்றுதான் புரிந்தது. நான்கு தடவை போனேன். முன்கை, தோள், மேல்முதுகு என்று அழுத்தி இளக்கிவிட்டார். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் கை லேசாக இருக்கும், அப்புறம் இறுக்கம் திரும்பும்.

நிரந்தரமாக மாறியது ஊருக்கு வந்து வாசிப்பை மாற்றிய பிறகுதான். கால் ஸ்டூல் வைத்து நெக்கை உயர்த்தினேன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே மூன்று மில்லிமீட்டருக்கு மேலிருந்த உயரத்தை, அதாவது ஆக்‌ஷனை இறக்கினேன். 12 கேஜ் தடிமன் கொண்ட கம்பி செட்டில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவை. அதை விட்டு 10-க்கு வந்தேன். இருபது நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் கையைத் தொங்கவிடுகிறேன். கட்டைவிரலை நெக்கிலிருந்து எடுத்துவிட்டு கையின் எடையிலேயே பார் கார்டு பிடித்துப் பழகினேன். இதைத்தான் இப்போது மாணவர்களுக்கு முதல் மாதமே சொல்லித்தருகிறேன்.

அதனால் ஆஸ்டியோபதிக்குப் போகலாம், ஆனால் அதையே முதல் படியாக வைக்காதீர்கள். அந்த முறைக்கு முதுகுவலியில் ஓரளவு ஆராய்ச்சி ஆதரவு உண்டு, வாத்தியம் வாசிப்பவர்களின் கைக்கு மிகக் குறைவு. முதலில் டாக்டரிடம் காட்டி வலியின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் ஆஸ்டியோபத் என்று பலகை மாட்டியிருப்பவரிடம் எங்கே, எத்தனை வருடம் படித்தார் என்று தயங்காமல் கேளுங்கள். கழுத்தைச் சட்டென்று திருப்ப வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விரல் மரத்துப்போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் இரவில் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். சுண்டுவிரல் பக்கம் என்றால் முழங்கையில். வலியே இல்லாமல் ஒரு விரல் வாசிக்கும்போது மட்டும் தானாகச் சுருண்டால் அது மூளை சம்பந்தப்பட்ட டிஸ்டோனியாவாக இருக்கலாம். இந்த மூன்றில் எது இருந்தாலும் மசாஜ், நீவல் எதுவும் வேண்டாம், இந்த வாரமே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.